மதுரையில் எடுக்கும் குற்றத் தொடரில் கத்தோலிக்கக் கதாபாத்திரம்: எழுத்திலிருந்து ஒளிபரப்பு வரை ஒரு வழிகாட்டி

எட்டுப் பாகங்கள் கொண்ட ஒரு குற்றத் தொடருக்கு வசனம் எழுதும் வேலை எனக்கு வந்தபோது, அதன் நடுவில் மதுரையைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறக்கவில்லை. கீழவெளி வீதியில் புனித மரியன்னை பேராலயத்தைக் கடந்து தினமும் பள்ளிக்குப் போனவன் என்ற ஒரே தகுதியோடு எழுத உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் முடியும் என்று கணக்கிட்ட ஆலய அனுமதிக்கு நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு பாகங்களை முற்றிலும் திருத்தி எழுத நேர்ந்தது. முதலில் அணுகிய பங்கில் (ஓர் ஆலயத்தையும் அதைச் சேர்ந்த மக்களையும் கொண்ட வட்டாரம்) எங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறுப்புக்குக் காரணம் நாங்கள்தான், அதன் பொறுப்பிலிருந்த குருவானவரான பங்குத்தந்தை அல்லர். அதே வேலையில் முதன்முறை இறங்குபவர்கள் அதே இடங்களில் தடுக்கி விழக்கூடாது என்பதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. கதாபாத்திரம் எந்தச் சபை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"கிறிஸ்தவர்" என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வசனத்துக்குள் போகாதீர்கள். ரோமன் கத்தோலிக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே ஆகிய மூன்றுக்கும் மதுரையில் பேச்சே வேறு. கத்தோலிக்கர் "ஆயர்" என்றால் பல பங்குகள் சேர்ந்த ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். "பேராயர்" என்றால் மதுரை போன்ற உயர்மறைமாவட்டத்தின் தலைவர். சி.எஸ்.ஐ. சபையில் ஆயர் என்பவர் ஓர் ஆலயத்தை நடத்தும் போதகர். அவருக்கு மனைவி மக்கள் இருப்பார்கள். மறைமாவட்டத் தலைவரைத்தான் அங்கே பேராயர் என்பார்கள். என் முதல் வரைவில் "ஆயரின் மனைவி" சாட்சி சொல்ல வருவார். அவர் கணவரோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அதாவது கத்தோலிக்கக் குருவானவர் பாவ அறிக்கை கேட்கும் கூண்டில், உட்கார்ந்திருப்பார். இரண்டு சபைகளை ஒரே ஆளுக்குள் கலந்துவிட்டேன் என்பதை அறிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

பெயரிலும் இதே கவனம் வேண்டும். அந்தோனி, சவரிமுத்து, ஆரோக்கியசாமி, சூசை, இன்னாசி, சந்தியாகு, ராயப்பன், சின்னப்பன், செபஸ்தியான், மரியபுஷ்பம் போன்ற பெயர்களைக் கேட்டதும் மதுரை வட்டாரத்தில் கத்தோலிக்கக் குடும்பம் என்று விளங்கும். எபினேசர், சாமுவேல், ஜெபராஜ் என்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. என்று நினைப்பார்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு; ஆனால் விதிவிலக்கைத் தெரிந்தே எழுத வேண்டும். கத்தோலிக்கர் பேச்சில் "ஆண்டவர்", "மாதா", "பூசை" (திருப்பலி வழிபாடு) ஆகிய சொற்கள் இயல்பாக வரும். "கர்த்தர்" என்பது அவ்வளவாக வராது. கிராமத்துப் பெரியவர் குருவானவரைச் "சாமி" என்பார். நகரத்து இளைஞர் "ஃபாதர்" என்பார். ஒரே வீட்டில் பாட்டி "பூசைக்குப் போறேன்" என்பதும் பேத்தி "மாஸுக்கு லேட்டாயிருச்சு" என்பதும் உண்மையான பேச்சு. கதாபாத்திரம் வேதவசனம் சொல்லும் காட்சி இருந்தால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலிருந்து எடுங்கள். பழைய பரிசுத்த வேதாகமத்தின் நடையைக் கத்தோலிக்கக் குருவின் வாயில் வைத்தால் கோயிலுக்குப் போகிற எவருக்கும் காதில் உறுத்தும்.

2. மதம் கதையில் என்ன வேலை செய்கிறது என்று எழுதிப் பாருங்கள்

குற்றத் தொடர்களில் கத்தோலிக்கர் வரும் விதம் சில அச்சுகளுக்குள் அடங்கிவிட்டது. செபமாலையைச் சுற்றிக்கொண்டு கொலை செய்பவர், இரகசியத்தை மறைக்கும் குருவானவர், மடத்துக் கிணற்றில் பிணமாகக் கிடக்கும் கன்னியாஸ்திரி, கழுத்தில் சிலுவை தொங்கும் சாராயக் கடத்தல்காரர் ஆகிய நால்வரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். குற்றவாளி கத்தோலிக்கராக இருப்பதில் தவறில்லை. எந்தச் சமூகத்திலும் குற்றவாளி உண்டு. சிலுவையைக் காட்டினால் பயம் வந்துவிடும், எழுத்தாளர் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை என்று நினைப்பதுதான் கோளாறு.

வெளிநாட்டுத் தொடர்களில் மாற்று வழிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவில் 2010 முதல் 2024 வரை ஓடிய "ப்ளூ பிளட்ஸ்" தொடரில் காவல்துறைக் குடும்பம் ஒன்று ஞாயிறுதோறும் ஒரே மேசையில் செபம் சொல்லிவிட்டு உணவருந்தும். அன்றைய வழக்கின் நியாய அநியாயம் அந்த மேசையில் பேசப்படும். "லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யு." தொடரின் துப்பறிவாளர் ஸ்டேப்ளர், ஐந்து பிள்ளைகளின் தகப்பனான கத்தோலிக்கர், விசாரணை அறையில் அவர் கொள்ளும் கோபமும் வீட்டில் அவர் படும் குற்ற உணர்ச்சியும் அந்த வளர்ப்பிலிருந்து வருவதாகக் காட்டப்படுகின்றன. இவற்றில் மதம் மேடைப் பொருளாக நிற்காமல் ஆளின் மனச்சாட்சியாக வேலை செய்கிறது. நாமும் அதைச் செய்ய முடியும், மதுரைக்குரிய விவரங்களைக் கொண்டே செய்ய முடியும்.

நான் திருத்தி எழுதியபோது கைகொடுத்தவை இரண்டு. உயிர்ப்பு ஞாயிறுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய பெரிய வியாழன் மாலைப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது ஒலிக்கும் கோயில் மணி, சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பில் அதே கீதம் பாடப்படும் வரை மறுபடி ஒலிக்காது. இடையில் மரப்பலகைக் கட்டையைத்தான் தட்டுவார்கள். எங்கள் சாட்சி, "பெரிய வெள்ளி மதியம் கோயில் மணி அடிச்சப்ப அவரை வீட்டுலதான் பார்த்தேன்" என்பார். கோயிலைக் கூட்டிப் பெருக்கும் மரியபாக்கியம் அக்கா காவல் ஆய்வாளரிடம், "அன்னைக்கு மணி அடிக்கவே மாட்டாங்களே சார்" என்பார். வழக்கு அங்கே உடைகிறது. இரண்டாவது, திருமுழுக்கு (ஞானஸ்நான) பதிவேடு. ஒருவர் கோயிலில் திருமணம் செய்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டில் அந்தத் திருமணமும் குறிக்கப்பட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். முதல் மனைவியை மறைத்து இரண்டாம் திருமணத்துக்கு வருபவர் புதிய ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்வார். செபமாலையை இரத்தத்தில் நனைப்பதைவிட இது எவ்வளவு வலுவான துப்பு என்று பாருங்கள்.

3. பாவசங்கீர்த்தனக் காட்சியை எழுதும் முன் சட்டத்தைப் படியுங்கள்

இந்த இடத்தில்தான் நாங்கள் பெரும் பிழை செய்தோம். எங்கள் குழுவின் உதவி இயக்குநர், காட்சி இயல்பாக வர வேண்டும் என்ற ஆர்வத்தில், ஒரு சனிக்கிழமை மாலை வரிசையில் நின்று தொட்டியருகே மண்டியிட்டு, சட்டைப் பையில் கைப்பேசியைப் பதிவில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். கைப்பேசி அதிர்ந்து அதன் விளக்கு எரிந்ததைக் குருவானவர் பார்த்துவிட்டார். அந்தப் பங்கின் கதவு எங்களுக்கு அன்றே மூடியது. எங்கள் தயாரிப்பாளர் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டார்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் விதிப்படி பாவசங்கீர்த்தன இரகசியம் மீற முடியாதது. சொல்லாலோ வேறு எந்த வழியாலோ, எந்தக் காரணத்துக்காகவும், பாவத்தை அறிக்கையிட்டவரைக் குருவானவர் காட்டிக்கொடுக்கக்கூடாது. 984-ஆம் விதிப்படி, அங்கே கேட்டதை அறிக்கையிட்டவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தவும் கூடாது. நேரடியாக மீறும் குரு தன்னாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் ரோமாபுரிக்கே உண்டு. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள 1386-ஆம் விதி, பாவசங்கீர்த்தனத்தில் பேசப்படுவதைக் கருவி கொண்டு பதிவு செய்பவரையும் ஊடகத்தில் வெளியிடுபவரையும் தண்டிக்கச் சொல்கிறது. பாசாங்காகச் செய்த பாவசங்கீர்த்தனத்துக்கும் அது பொருந்தும். ஆராய்ச்சி வேண்டுமானால் ஒரு குருவானவரைப் பங்கு இல்லத்தில் சந்தித்து, எழுதுவதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாக விளக்கினார்.

கதையில் வரும் பொறிகள் இவை. கொலைகாரர் தொட்டியில் சொன்னதைக் குருவானவர் மறுநாள் ஆய்வாளரிடம் சாடையாகச் சொல்வது போல எழுதாதீர்கள், சாடையும் மீறலே. மன்னிப்பு பெற்றவுடன் கொலைகாரர் நிம்மதியாக அடுத்த கொலைக்குப் புறப்படுவது போலவும் எழுதாதீர்கள். மனம் வருந்துவதும் இனிச் செய்வதில்லை என்ற உறுதியும் இல்லாவிட்டால் அந்த மன்னிப்பே செல்லாது. குருவானவர், "நீயே காவல் நிலையத்துக்குப் போ" என்று வற்புறுத்தலாம். அவர் அதற்குமேல் செய்ய முடியாமல் தவிக்கும் தவிப்பில்தான் நாடகம் இருக்கிறது.

நீதிமன்றக் காட்சிக்கு வேறொரு விவரம் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமம், வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பாதுகாப்புத் தருகிறது. குருவானவரிடம் சொன்னதற்கு அப்படித் தனிப் பிரிவு எதுவும் இல்லை. ஆகவே, "சட்டப்படி என்னைக் கேட்கக்கூடாது" என்று உங்கள் குருவானவர் கூண்டில் நின்று சொன்னால் அது தவறு. கேட்பார்கள், அவர் பதில் சொல்ல மறுப்பார், அதன் விளைவை ஏற்பார். இன்னொன்று: தொட்டிக்கு வெளியே, பங்கு அலுவலகத்திலோ வீடு சந்திப்பிலோ, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றிக் குருவானவர் அறிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு மற்ற எவரையும் போல அவரையும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. இந்த இரண்டு இடங்களையும் குழப்பி எழுதினால், குற்றத்தை மறைத்த ஒருவரைத் தியாகியாகக் காட்டும் பாவம் எழுத்தாளரைச் சேரும்.

4. விசாரணை விவரங்களில் அடிக்கடி தவறும் இடங்கள்

தற்கொலை செய்தவரைக் கல்லறையில் அடக்கக் குருவானவர் மறுப்பது பழைய கதைகளின் காட்சி. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இருந்தது; 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. இன்றைய மதுரையில் நடக்கும் கதையில் அதை வைக்காதீர்கள். தகனமும் இப்போது தடை செய்யப்பட்டதன்று. எனினும் அடக்கத்தையே திருச்சபை விரும்புகிறது. புதைத்த உடலைத் தோண்டும் காட்சியில் நிர்வாக நடுவர் என்ற முறையில் தாசில்தார் நிற்க வேண்டும்; ஆய்வாளரும் இரண்டு காவலரும் மண்வெட்டியோடு வந்து தோண்டிவிட முடியாது. பேயோட்டும் சடங்கைக் குருவானவர் தன் விருப்பப்படி செய்ய முடியாது. மறைமாவட்ட ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும்.

சாதியைத் தொடும் கதை என்றால் மிகுந்த கவனம் தேவை. 1950-ஆம் ஆண்டு அரசமைப்பு ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே உண்டு. தலித் கத்தோலிக்கர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். எனவே தலித் கத்தோலிக்கர் ஒருவர் தாக்கப்பட்டால், முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்வதில்லை. எங்கள் மூன்றாம் பாகத்தில் அந்தப் பிரிவைச் சேர்த்து எழுதியிருந்தேன். ஒரு வழக்கறிஞர் படித்துத் திருத்தினார். திருத்திய பிறகு, காவல் நிலைய மேசைக்கு எதிரே நிற்கும் தாயிடம் எழுத்தர் சாதிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு நிமிடக் காட்சி புதிதாக வந்தது. அந்தத் தொடரில் நான் எழுதியவற்றில் எனக்கு முக்கியமான காட்சி அதுதான்.

5. அனுமதிக்கான தாள்கள்

ஆலயத்துக்குள் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுவதை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் விதி. வேறு பயன்பாட்டை ஆயர் ஒவ்வொரு முறையும் தனியாக அனுமதிக்கலாம். அது இடத்தின் புனிதத்துக்கு மாறாக இருக்கக்கூடாது. ஆகவே பங்குத்தந்தை வாய்மொழியாகச் "சரி" என்று சொன்னதை நம்பி ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பங்குத்தந்தையின் இசைவு, பிறகு ஆயர் இல்லத்தின் எழுத்து அனுமதி, அதன் நகலோடு மறுபடி பங்குத்தந்தை என்பதே வரிசை.

எந்த ஆயர் இல்லம் என்பதையும் விசாரியுங்கள். மதுரைக் குழுக்கள் விரும்பிப் போகும் இடைக்காட்டூர் திருஇருதய ஆலயம் சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. மதுரைப் பேராயர் இல்லத்தில் அதற்கு மனுக் கொடுத்துப் பயனில்லை. திண்டுக்கல்லும் 2003 முதல் தனி மறைமாவட்டம்.

மனுவோடு நாங்கள் கொடுத்தவை: நிறுவனத்தின் கடிதத்தாளில் விண்ணப்பம்; முழுத் தொடரின் இரண்டு பக்கக் கதைச் சுருக்கம்; ஆலயத்தில் எடுக்கும் காட்சிகளின் முழு வசனம்; வரும் ஆட்களின் எண்ணிக்கையும் அடையாள நகல்களும்; விளக்கு, ஜெனரேட்டர், வண்டிகளின் பட்டியல்; சேதம் ஏற்பட்டால் ஈடு செய்வோம் என்ற உறுதிமொழி. ஆலயக் காட்சிகளை மட்டும் கொடுத்து மீதிக் கதையை மறைக்காதீர்கள். பீடத்தின் முன் ஒரு தாய் அழும் காட்சிக்கு அனுமதி வாங்கிவிட்டு, தொகுப்பில் அதைக் கொலையோடு ஒட்டினால் உங்களை நம்பிக் கையெழுத்திட்டவர் தன் மக்கள் முன் தலைகுனிய நேரும். பங்குப் பேரவை உறுப்பினர்களிடம் கதையைச் சொல்ல ஒரு மாலையை ஒதுக்குங்கள். கேள்விகள் கடுமையாக வரும், ஆனால் எங்கள் வசனத்தில் பதினோரு பிழைகளைத் திருத்தியவர்கள் அவர்களே.

வெளியே தெருவில் எடுப்பதற்குக் காவல்துறை அனுமதியும் மாநகராட்சி அனுமதியும் தனி. அவற்றை ஆலய அனுமதி வந்த பிறகே நாள் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

6. நாட்காட்டி

தவக்காலத்தில் அனுமதி கேட்காதீர்கள். அது தொடங்கும் சாம்பல் புதன் 2027-இல் பிப்ரவரி 10, அதன் முடிவில் வரும் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. அதை அடுத்துச் சித்திரைத் திருவிழா வரும். அந்த நாட்களில் மதுரைத் தெருக்களில் கேமராவை வைக்க இடமிருக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டிய வாரத்தில் கல்லறைத் தோட்டம் வேண்டாம். பல ஊர்களில் செவ்வாய் அந்தோனியார் நவநாள் வழிபாடும் புதன் சகாய மாதா நவநாள் வழிபாடும் உண்டு. எங்களுக்கு ஒத்துவந்தவை திங்களும் வியாழனும், காலைப் பூசை முடிந்து மாலை நான்கு மணி வரை. மனுவிலிருந்து எழுத்து அனுமதி வரை ஆறு வாரம் ஒதுக்குங்கள். மே, ஜூனில் குருக்களுக்குப் பணி மாற்றம் வருவது வழக்கம்; பழையவரிடம் பேசியதைப் புதியவர் அறிந்திருக்க மாட்டார் என்பதால் எல்லாவற்றையும் தாளில் வையுங்கள்.

கதைக்குள் ஓடும் காலத்துக்கும் நாட்காட்டி தேவை. தவக்காலத்திலும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் குருவானவரின் மேலாடை ஊதா. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புக் காலங்களில் வெள்ளை. மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்கள்) திருநாளில் சிவப்பு. சாதாரணக் காலத்தில் பச்சை. பெரிய வெள்ளியன்று திருப்பலியே கிடையாது என்பதால், "பெரிய வெள்ளிப் பூசையில் நடந்த கொலை" என்ற தலைப்பு முதல் நாளே கேலிக்குள்ளாகும்.

7. செலவு

எங்கள் அனுபவத்தில் ஆலயத்துக்குக் கொடுத்த தொகை ஒட்டுமொத்தச் செலவில் சிறியது. கவனிக்காமல் விட்ட சில்லறைகளே பெரிதாயின. குருவானவர் வேடத்துக்கு வெள்ளை அங்கி ஒன்று, துணியும் தையற்கூலியும் சேர்த்து 2,200 ரூபாய் ஆயிற்று. வெயிலில் வியர்த்து நனைவதால் ஒருவருக்கு இரண்டு வேண்டும். பூசை உடுப்புகளை ஆலயத்தில் இரவல் கேட்காதீர்கள், அவை மந்திரிக்கப்பட்டவை. கன்னியாஸ்திரி உடையை எந்த உண்மையான சபையின் உடையையும் போலத் தைக்காதீர்கள். நிறத்தையும் முக்காட்டின் கரையையும் மாற்றித் தைப்பதற்குக் கூடுதலாகச் செலவாகாது. பங்குக்குக் கொடுக்கும் தொகைக்கு இரசீது கேளுங்கள். வாடகையா நன்கொடையா என்பதை இரசீதிலேயே எழுதி வாங்குங்கள், பின்னால் கணக்குத் தணிக்கையில் அது கேட்கப்படும். மின்சாரம் கோயில் இணைப்பிலிருந்து எடுக்காமல் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கோயில்பிள்ளைக்கும் (ஆலய வேலைகளைப் பார்ப்பவர்) துப்புரவு செய்பவருக்கும் அன்றைய கூலியைத் தனியாக, கையில் கொடுங்கள்.

8. படப்பிடிப்பு நாள்

பீடத்தருகே நற்கருணைப் பேழை, அதாவது பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைக்கும் பெட்டி, இருக்கும். அதன் பக்கத்தில் சிறு சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் உள்ளே நற்கருணை இருக்கிறது என்று பொருள். குருவானவர் வந்து நற்கருணையை வேறிடத்துக்கு மாற்றி, விளக்கை அணைத்து, பேழையின் கதவைத் திறந்து வைக்கும் வரை ஒரு கம்பியைக்கூட உள்ளே கொண்டுபோகாதீர்கள். எங்கள் படப்பிடிப்பன்று அவர் வெள்ளைப் போர்வையைத் தோளில் போர்த்தி நற்கருணையை எடுத்துச் சென்றபோது, ஏணியில் நின்ற விளக்குக்காரர் தானாகவே இறங்கி நின்றார், யாரும் சொல்லவில்லை. காட்சிக்கு வேண்டிய பூசை அப்பங்களை, அவற்றைச் செய்யும் மடங்களில் விவரம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வசீகரம் (அர்ச்சிப்பு) செய்யப்படாத அப்பம் வெறும் கோதுமை அப்பம்தான். பூசையில் கொடுக்கப்பட்டதை யாரும் வெளியே எடுத்து வந்து காட்சியில் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள்.

காலணிகளை வாசலில் விடுங்கள். கிராமத்துக் கோயில் என்றால் துணை நடிகைகள் முந்தானையைத் தலையில் போட்டு, பாயில் உட்காரட்டும். பாவசங்கீர்த்தனக் காட்சியில் குருவானவர் கழுத்தில் ஊதா ஸ்டோல் (நீண்ட துணிப்பட்டை) வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிப் பார்க்காமல் காதைச் சல்லடைப் பக்கம் சாய்த்திருப்பார். அந்தத் தொட்டியை அரங்கமாகச் செய்துகொள்வது நல்லது. உண்மையான தொட்டியில் நடிக்க நாங்கள் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது.

9. ஒளிபரப்புக்கு முன்னும் பின்னும்

தொலைக்காட்சித் தொடர் திரைப்படத்தைப் போலத் தணிக்கை வாரியத்துக்குப் போவதில்லை. ஆனால் கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6-ஆம் விதி, மதங்களைத் தாக்கும், மதக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சிகளைத் தடை செய்கிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கோடு வேண்டுமென்றே செய்வதைக் குற்றமாக்குகிறது. இணையத்தளத் தொடருக்கு 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகைப்பாடு கட்டாயம். இரண்டிலும், புகார் வந்தால் 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து 15 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் தாள்களைத் தேடி அலையாமல் இருக்க, அனுமதிக் கடிதம், கொடுத்த வசன நகல், இரசீது, படப்பிடிப்பு நாளின் ஒளிப்படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து, ஒரு நகலை நிறுவனத்திலும் ஒரு நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொகுப்பு முடிந்ததும், ஒலிச்சேர்க்கைக்கு முன்பே, பங்குத்தந்தைக்கும் பேரவையினருக்கும் ஆலயக் காட்சிகளைப் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் வந்தது. பெரிய வெள்ளிக் காட்சியின் பின்னணியில் ஒலிப்பதிவாளர் பழக்கத்தில் கோயில் மணியைச் சேர்த்திருந்தார். கதையின் துப்பே அதுதான் என்பதால் அன்றிரவே அதை நீக்கி, மரக்கட்டை தட்டும் ஓசையை அந்தக் கோயிலிலேயே பதிவு செய்து சேர்த்தோம்.